இரண்டு விரல் கொசுறு

அந்தக் கட்டடத்தின் மாடிப்படியைப் பற்றி வேறு யாராவது குறை சொன்னால் துண்டுத்துணிக் கடைக்காரருக்குப் பிடிக்காது. தான் சொல்ல வைத்திருந்ததை முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்களே என்கிற ஆற்றாமைதான்.

கீழே மூன்று கடைகள். மேலே இரண்டு மாடிகளில் நான்கு குடித்தனங்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு மரப்படிக்கட்டு. இருபத்திரண்டு படி, நடுவில் ஒரு திருப்பம். நான்காவது படியில் கால் வைத்தால் முனகும். ஏழாவதில் பாதிப் பலகைதான் உண்டு. பதிமூன்றாவது படி இருக்கிறதா இல்லையா என்பது ஏறுகிற ஆளின் எடையைப் பொறுத்தது. குடியிருப்பவர்களுக்கு எந்தப் படியில் எந்தக் கால் என்பது மனப்பாடம். புதிதாக ஏறுகிறவர்களுக்கு மேலிருந்து யாராவது, "ஏழைத் தாண்டுங்க, பதிமூணுல ஓரமா வைங்க" என்று குரல் கொடுப்பார்கள். ஆயுள் காப்பீடு பிடிக்க வந்த இரண்டு பேர் அந்தக் குரலைக் கேட்டு, கீழேயே நின்று யோசித்து, திரும்பிப் போய்விட்டார்கள்.

துண்டுத்துணிக் கடை அந்தப் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆலைகளில் மிச்சப்படும் துணியை மூட்டையாக வாங்கி, பிரித்து, சட்டைக்கு ஆவது, தலையணை உறைக்கு ஆவது, கை துடைக்க மட்டும் ஆவது என்று அடுக்கி விற்கிற வியாபாரம். மூன்று தலைமுறையாக அதுதான். கம்பி வைத்து அளந்து முடித்ததும் அவருடைய கத்தரிக்கோல், அளந்த இடத்தில் வெட்டாது. இரண்டு விரல் தள்ளிப் போய் வெட்டும். "அளவு கம்பிக்கு, கொசுறு உங்களுக்கு" என்பார். வாங்க வந்தவர் அந்த இரண்டு விரலில் மயங்கி, வேண்டாத துணியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவார்.

கடையில் வாய் தம்பியான இவருடையது, கை அண்ணனுடையது. அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதிகம் பேசவும் மாட்டார். காலையில் ஷட்டரைத் தூக்குவது, மூட்டை பிரிப்பது, கட்டுவது, லாரிக்கு ஏற்றிவிடுவது எல்லாம் அவர். தம்பி நாற்காலியில் உட்கார்ந்து உலகத்தைச் சரி செய்வார். தினம் நாலு மணிக்கு டீ வந்ததும் பக்கத்துப் பாத்திரக்கடைக்காரரும் வந்துவிடுவார்.

"நகராட்சிக்கு நேத்து பதினேழாவது மனு போட்டாச்சு."

"முன்னாடி போட்ட பதினாறும் என்ன ஆச்சு?"

"அதைத்தான்யா பதினேழாவதுல கேட்டிருக்கேன்."

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். ஒரு நாள் காலை அண்ணன் ஷட்டரைப் பாதி தூக்கியபோது அவருடைய வலது கை தானாகக் கீழே விழுந்தது. பின்னாலேயே வலது காலும் மடங்கியது. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. உயிர் தங்கியது, வலது பக்கம் தங்கவில்லை. பேச்சில் நாலைந்து ஒற்றை வார்த்தைகள் மட்டும் மிஞ்சின. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்றைக்கு நாலு சுமை தூக்கிகள் அவரை நாற்காலியோடு மேலே தூக்கினார்கள். பதினாறாவது படியில் ஒருவனுடைய கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது.

"மூட்டைன்னா கீழ போட்டுட்டு நாங்க தப்பிச்சுக்குவோம்," என்றான் அவன், காலைத் தேய்த்துக்கொண்டே. "மனுஷனைப் போட முடியுமா? இனிமே எங்களைக் கூப்பிடாதீங்க முதலாளி."

கடையிலேயே படுக்க வைக்கலாம் என்றால், கடை இரண்டு ஆள் அகலம், கழிப்பறை கிடையாது. கடைத்தெருவைச் சுற்றித் தரைவீடு எதுவும் காலி இல்லை. அப்படியே ஒன்று கிடைத்தாலும், இறக்குவதற்கு அதே படிதான். ஆக, அண்ணன் மேலேயே இருந்தார். ஜன்னல் ஓரக் கட்டில், எதிரே ஒரு நாள்காட்டி. வீட்டுக்கு வந்த இருபத்தாறாவது நாள், கை காலுக்குப் பயிற்சி தரும் பெண் வந்து பார்த்தாள். சின்ன வயசு, தோளில் பை, மூச்சு வாங்கியது.

"யாரோ மேலேர்ந்து ஏழைத் தாண்டுன்னு கத்தினாங்க. நான் ஏழாம் நம்பர் வீடுன்னு நினைச்சுட்டேன்," என்று சொல்லிக்கொண்டே அண்ணனின் கட்டிலில் உட்கார்ந்தாள். இடது கையைக் கொடுத்து, "பிடிங்க, நல்லா இறுக்குங்க" என்றாள். அவர் இறுக்கினார். "ஐயோ, விடுங்க! இந்தக் கைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல." காலைத் தூக்கினாள், மடக்கினாள், உள்ளங்காலில் பேனாவால் கோடு போட்டாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"இவரைத் தினமும் நம்ம இடத்துக்குக் கூட்டிட்டு வரணும். முதல் மூணு மாசம் உடம்பு கத்துக்கிற மாசம். அப்புறம் வராதுன்னு நான் சொல்லல. ஆனா அப்புறம் கெஞ்சிக் கூத்தாடித்தான் வரவைக்கணும். அதுல ஒன்றரை மாசம் போயிடுச்சு."

"நீங்களே இங்க வந்து..."

"எனக்கு அங்க பதினெட்டுப் பேர் காத்திருக்காங்க. பிடிச்சு நடக்கிற கம்பி, கண்ணாடி, சைக்கிள் எல்லாம் அங்க இருக்கு. மூட்டை கட்டி இந்தப் படியில ஏத்தட்டுமா?"

"இறங்க முடியுமாம்மா இவரால?" என்றாள் கடைக்காரரின் மனைவி.

"முடியும். ஏறும்போது இருக்கிற கைப்பிடி இடது கைப் பக்கம் வருது, சரி. இறங்கும்போது அது வலது பக்கம் போயிடும், அந்தக் கை பிடிக்காது. இடது பக்கம் வெறும் சுவர். அந்தச் சுவத்துல ஒரு கைப்பிடி வேணும். காலை வச்சா வச்ச இடத்திலேயே இருக்கிற மாதிரி படி வேணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதற்காகத்தான் காத்திருந்ததுபோல. "இந்தக் கட்டடக்காரங்க அண்ணன் தம்பி ரெண்டு பேர். ரெண்டு பேருக்கும் நடுவுல எட்டு வருஷமா கேஸ். இவன் ஆணி அடிச்சா அவன் கோர்ட்டுக்குப் போவான், அவன் அடிச்சா இவன். நகராட்சியில கேட்டா அது தனியார் படின்னு சொல்றான். தனியார் படியில விழுந்தா எலும்பு மட்டும் பொது எலும்பாம்மா? நான் எழுதின மனுவை மட்டும் அடுக்கியிருந்தா அதுலயே ஏறி இறங்கியிருக்கலாம்..."

அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நீங்க ரொம்ப நல்லா பேசுறீங்க. அண்ணனோட பேச்சுப் பயிற்சிக்கு உங்களையே வச்சுக்கலாம். கால் பயிற்சிக்கு அவர் கீழ வரணும்," என்று எழுந்தாள்.

அவள் போன பிறகு கடைக்காரர் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கே பதினெட்டாவது மனுவுக்கு முதல் வரி யோசித்தார். மாதம் பிறந்ததும் வாடகைக்கு வந்த ஏஜெண்டைக் கடைக்குள் இழுத்து உட்கார வைத்து, முக்கால் மணி நேரம் விடவில்லை. ஏஜெண்ட் ஒல்லியான மனிதர். எதற்கும் கோபப்படாமல் இருப்பதற்கே அவருக்குச் சம்பளம்.

"எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன்," என்றார்.

"யாருக்கு அனுப்புவே? பெரியவருக்கா, சின்னவருக்கா?"

"ரெண்டு பேருக்கும் நகல் போகும்."

"பதில் யார்கிட்டேர்ந்து வரும்?"

"அது கேஸ் முடிஞ்சாத்தான் தெரியும்."

பாத்திரக்கடைக்காரர் வாசலில் நின்று ரசித்துக் கேட்டார். நல்ல சண்டை. கடைக்காரர் அன்றைக்கு அபாரமான ஃபார்மில் இருந்தார் என்று தெருவெல்லாம் பேசிக்கொண்டது. படிக்கட்டு மட்டும் அப்படியே இருந்தது.

அதற்கு மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பிட மேலே ஏறிக்கொண்டிருந்தவர், திருப்பத்தில் மனைவியின் குரலைக் கேட்டார். "மாமா, வேணாம் மாமா, சொன்னாக் கேளுங்க!"

நிமிர்ந்து பார்த்தால், மேலிருந்து நாலாவது படியில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். கதவு வளையத்தில் மூட்டை கட்டும் கயிறு ஒன்றைக் கட்டி, அதன் மறுமுனையை இடது கையில் சுற்றியிருக்கிறார். உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து வந்திருக்கிறார். வலது கால் உடம்புக்கு அடியில் மடங்கி மாட்டிக்கொண்டுவிட்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. பின்னாலிருந்து மனைவி அவருடைய சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"வெந்நீர் போட உள்ள போனேங்க, திரும்பறதுக்குள்ள இங்க வந்துட்டார்!"

கடைக்காரருக்கு வாய் திறந்துகொண்டது. "ஏண்ணே உனக்கு இந்த வேலை? இந்தக் கட்டடக்காரப் பசங்களைச் சொல்லணும்! அந்த நகராட்சிக்காரன் ஒருத்தன் வந்து பார்த்தானா? ஆஸ்பத்திரியிலயாவது ஒரு ஆளை அனுப்பியிருக்கக் கூடாதா? நாளைக்கே நான் பேப்பர்ல..."

அண்ணனின் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. கதவு வளையத்தில் கயிற்றின் முடிச்சு மெதுவாக நெகிழ்ந்துகொண்டிருந்தது. ஒற்றைக் கையால் போட்ட முடிச்சு. அண்ணன் தம்பியை நேராகப் பார்த்தார்.

"பிடி," என்றார்.

முப்பது வருஷமாகக் கடையில் மூட்டை கட்டும்போது அவர் சொல்கிற வார்த்தை. தம்பி பேச்சை நிறுத்தாமலே ஒரு விரலை முடிச்சின் மேல் வைப்பார். இன்றைக்குப் பேச்சு தானாக நின்றது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

நாலு படி ஏற அரைமணி நேரமானது.

அண்ணனைக் கட்டிலில் படுக்க வைத்த பிறகு இருவரும் ஆறிப்போன சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"பதினெட்டாவது மனுல இதையும் சேர்த்து எழுதுங்க," என்றாள் மனைவி. குரலில் கேலி இல்லை. அதுதான் அவரைக் குத்தியது.

"ஒரு கையால முடிச்சுப் போட்டிருக்கார்டி."

"ஆமா."

"பல்லால கடிச்சு இழுத்திருக்கார். கயிறு ஈரமா இருந்துச்சு."

"ஆமாங்க. நம்மகிட்ட நாலு கை இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கடைக்காரர் சாப்பிட்ட கை காய்வதற்குள் கீழே போய், ஒரு கத்தரிக்கோலையும் வெளுத்த துணிச்சுருள் ஒன்றையும் எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தார். அளவுக் கம்பி படியின் அகலத்துக்குள் நுழையாது; மரம் அளக்க அவரிடம் வேறு கருவி கிடையாது. கெட்ட படி ஒவ்வொன்றின் குறுக்கேயும் துணியை நீட்டி, அந்த நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, மேலே எண் எழுதினார். ஒன்பது பட்டைகள். சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு மரக்கடைக்குப் போனார்.

மரக்கடைக்காரர் பட்டைகளைப் பார்த்துச் சிரித்தார். "என்ன முதலாளி, படிக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"தச்சர் யாராவது உண்டா?"

"எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு செய்யப் போயிட்டாங்க. பத்து நாள் ஆகும்."

"பத்து நாள் நமக்கு இல்ல. நீங்களே இந்த அளவுக்கு அறுத்துக் குடுங்க, நான் அடிச்சுக்கிறேன்."

"நீங்களா? ஆணி எந்தப் பக்கம் கூர்மையா இருக்கும்னு தெரியுமா?"

"உங்க நாக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். சுவத்துல பொருத்த உருட்டுக் கட்டையும் வேணும், ரெண்டு நீளம். ஆணி கொசுறா வரணும்."

"மரத்துக்குக் கொசுறு கிடையாது."

"அப்போ துளை போடுற மெஷினை ரெண்டு நாளைக்குக் குடுங்க. அது மரமில்லையே."

பேரம் அரைமணி நேரம் ஓடியது. இருவருக்கும் அது ஒரு இளைப்பாறல். கடைசியில் ஆணியும் வந்தது, மெஷினும் வந்தது. மரக்கடைக்காரர் ஒன்றுதான் கேட்டார்: "அளவு சரிதானே? மறுபடி வந்து ஒரு தரம் டேப் வச்சுப் பார்க்கட்டுமா?"

"நான் எடுத்த அளவைத் தையக்காரனே திருப்பி அளக்கமாட்டான்."

"துணின்னா மடிச்சுத் தைக்கலாம். மரத்தை மடிக்க முடியாது."

"அறுங்கய்யா!"

வார விடுமுறை நாள். கடைத்தெரு அடைத்திருந்தது. காலை எட்டு மணிக்குக் கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டி, சுத்தியலும் கடப்பாரையுமாக இறங்கினார். வேலை என்றால் ஒரேயடியாக முடிக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். மூட்டையைப் பிரித்தால் முழுசாகப் பிரித்துவிட வேண்டும். மேலிருந்து தொடங்கி ஒன்பது பழைய பலகைகளையும் பெயர்த்துக் கீழே போட்டார். உளுத்த மரம், சொன்ன பேச்சைக் கேட்டு வந்தது. பத்து மணிக்குப் புதிய பலகை ஒன்றை எடுத்து நாலாவது படிக்கான இடத்தில் வைத்தார்.

உட்காரவில்லை. இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் நடுவில் இறங்காமல் மேலேயே நின்றது. தட்டினார். குத்தினார். அடுத்த பலகையை எடுத்து அதற்கான இடத்தில் வைத்தார். அதுவும் அப்படியே. மூன்றாவதும்.

முதல் மாடியில் குடியிருக்கும் பூட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பூட்டு ரிப்பேர் செய்து செய்து, எதையும் ஒற்றைக் கண்ணால் பார்க்கிற பழக்கம் அவருக்கு. "எவ்வளவு நீளம் அதிகம்?" என்றார்.

கடைக்காரர் பலகையின் நுனியில் கையை வைத்துப் பார்த்தார். இரண்டு விரல். அடுத்ததிலும் இரண்டு விரல். ஒன்பதிலும், ஒரு நூல் பிசகாமல், இரண்டு விரல்.

கீழே நின்றிருந்த பாத்திரக்கடைக்காரருக்கு முதலில் புரிந்தது. படிக்கட்டின் அடியில் அப்படியே உட்கார்ந்து சிரித்தார். "கொசுறு! படிக்கும் கொசுறு வச்சு வெட்டியிருக்கார்யா! எங்களுக்குத் துணி குடுக்கும்போது கூட இவ்வளவு தாராளம் இல்லையே!"

கடைக்காரருக்குக் காது சூடானது. கத்தரிக்கோலின் மேல்தான் கோபம். அது கையைக் கேட்காமலே இரண்டு விரல் தள்ளிப் போயிருக்கிறது. ஆனால் கோபப்படவும் நேரம் இல்லை. ஏனென்றால் சிரித்து முடித்த பாத்திரக்கடைக்காரர் மேலே போக எழுந்து, முதல் ஓட்டைக்கு முன்னால் நின்றார்.

"நான் எப்படிப் போறது?"

"கொஞ்சம் பொறு."

"என் வீடு மேல, சாப்பாடு மேல, பொண்டாட்டி மேல. நான் மட்டும் கீழ. இதைச் செஞ்சது நகராட்சியா, கட்டடக்காரனா, யார்மேல மனுப் போடட்டும்?"

அதற்குள் மேலேயும் கீழேயும் ஆள் கூடிவிட்டது. எல்லோருக்கும் சொல்ல ஏதோ இருந்தது. தெரியாத வேலையில் இறங்கலாமா? ஒவ்வொன்றாகப் பெயர்த்திருக்கக் கூடாதா? தச்சருக்குப் பத்து நாள் காத்திருந்தால் குடியா முழுகிவிடும்? இப்படியெல்லாம் பேசுகிற தொழிலில் ஊரிலேயே கைதேர்ந்தவர், வேட்டியில் மரத்தூளோடு, ஒன்பது ஓட்டைகளுக்கு நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மேலே வாசலில் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் பூட்டுக்காரரிடம் ரம்பத்தை வாங்கி, பலகையை மேல் படியில் அணைத்து வைத்து அறுக்கத் தொடங்கினார். அறுப்பு கோணிக்கொண்டு போனது. ரம்பம் பாதியில் மாட்டி, வீணை மாதிரி ரீங்காரமிட்டது. பூட்டுக்காரர் ஒற்றைக் கண்ணை மூடினார், திறந்தார். உச்சுக்கொட்டினார். ஐந்து நிமிஷம்தான் தாங்கினார்.

"நான் இரும்பு அறுக்கிறவன், எனக்கே பார்க்கச் சகிக்கல. குடுங்க இங்க. ரம்பத்தை அழுத்தக் கூடாது, தடவணும்."

தடவினார். நுனி நேராக விழுந்தது. பலகை தன் இடத்தில் 'டொக்' என்று உட்கார்ந்தது.

வாங்க வந்தவர் முகத்தைப் பார்த்தே விலை சொல்கிற பரம்பரையில் வந்தவர் கடைக்காரர். அந்த 'டொக்'கில் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அடுத்த பலகையை எடுத்துக்கொண்டு நேராகப் பாத்திரக்கடைக்காரர் கண்ணுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். ஆணியைச் சாய்வாக நிறுத்தி, சுத்தியலை அதன் தலைக்குப் பக்கத்தில் பிடித்து, பூனைக்குத் தட்டுவது போலத் தட்டினார். ஆணி வளைந்தது. இன்னொரு ஆணி. அதுவும் வளைந்தது.

"யோவ், என்னய்யா பண்றே?"

"ஆணி அடிக்கிறேன்."

"அதுக்குத் தாலாட்டுப் பாடுறியா? பிடியோட நுனியில பிடி! முப்பது வருஷமா செம்பு தட்டின கைய்யா இது, தள்ளு!"

பாத்திரக்கடைக்காரர் ஆணிக்கு இரண்டே அடி. அதன் பிறகு சுத்தியலை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. சுவரில் கைப்பிடிக்குத் துளை போடும்போது கடைக்காரர் மெஷினைத் தலைகீழாகப் பிடித்தார். அதற்கும் குறைசொல்ல ஒரு ஆள் இறங்கி வந்து, மெஷினைப் பிடுங்கிக்கொண்டது. மனைவி மட்டும் மேலே வாசலில் நின்று, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். வீட்டில் மின்விசிறி, அலமாரி எல்லாம் மாட்டியது இதே ஆள்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு ஏஜெண்ட் வந்தார். யாரோ போன் செய்திருக்கிறார்கள்.

"யாரைக் கேட்டு இதெல்லாம்? கேஸ்ல இருக்கிற சொத்து! உடனே நிறுத்துங்க."

எல்லோரும் கடைக்காரரைப் பார்த்தார்கள். இனி ஒரு மணி நேரம் நல்ல விருந்து என்று பாத்திரக்கடைக்காரர் சுத்தியலைக்கூடக் கீழே வைத்துவிட்டார். மேலே அண்ணன் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தார்.

கடைக்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "நிறுத்திடறோம்," என்றார்.

ஏஜெண்ட் திகைத்தார்.

"அஞ்சு படி போட்டாச்சு, நாலு படி இல்ல. இப்படியே விட்டுடறோம். நாலு குடித்தனம் மேல இருக்கு, ஒரு சீக்காளி இருக்கார். 'நாலு படி இல்லாமலே இருக்கட்டும்'னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போங்க. மேல அனுப்பிக்கிறேன்."

"நான் எப்படிங்க அப்படி எழுத முடியும்?"

"அப்போ இந்தப் பலகை நுனியைக் கொஞ்சம் பிடிங்க."

ஏஜெண்ட் தெருவைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். அங்குமிங்கும் பார்த்துவிட்டுப் பையைத் தரையில் வைத்தார். "நான் இன்னிக்கு இந்தப் பக்கம் வரவே இல்ல, தெரியுதா?"

"வராதவரைக் கொஞ்சம் நேரா பிடிக்கச் சொல்லுங்கய்யா," என்றார் பூட்டுக்காரர், ஒற்றைக் கண்ணை மூடியபடி.

வெளிச்சம் இருக்கும்போதே கடைசிப் படி உட்கார்ந்தது. கைப்பிடியில் ஆறு பேர் வரிசையாகத் தொங்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. பாத்திரக்கடைக்காரர் ஒரு வழியாக மேலே ஏறி, மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிடப் போனார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அண்ணன் வாசலில் நின்றார். வெளுத்த சட்டை, தலை சீவியிருந்தது. இடது கையைப் புதிய கட்டையில் வைத்தார். தம்பி மனைவி பின்னால். கடைக்காரர் ஒரு படி கீழே, அண்ணனைப் பார்த்தபடி, பின்னோக்கி இறங்கத் தயாராக, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.

"முதல்ல வலது கால்ணே. பொண்ணு போன்ல சொல்லிச்சு. இறங்கும்போது கெட்ட கால் முதல்ல."

அண்ணன் இடுப்பைச் சாய்த்து வலது காலைத் தூக்கிப் போட்டார். அது படியில் விழுந்து, தேடி, நின்றது. பிறகு இடது கால். ஒரு படி. மறுபடி இடுப்பு, தூக்கல், விழுதல். இரண்டு. கடைக்காரர் ஒவ்வொரு படியிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டதில் அவருக்குப் பேச மூச்சில்லை. ஏழாவது படியில் கட்டையைப் பிடித்திருந்த கை ஒரு கணம் சட்டென்று விலகியது. அண்ணன் பல்லைக் கடித்து மறுபடி பிடித்துக்கொண்டார். திருப்பத்தில் நின்று தண்ணீர் குடித்தார்கள். கீழே தெருவாசலில், மேலே வர வேண்டிய ஐந்தாறு பேர் சாமான்களோடு காத்திருந்தார்கள். சாமான்களைச் சுவரோரமாக ஒதுக்கி வழிவிட்டார்கள்.

இருபத்திரண்டு படிக்கு நாற்பது நிமிஷம். தரையைத் தொட்டதும் அண்ணன் பாத்திரக்கடை முக்காலியில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்தார். தள்ளுவண்டி ஒன்று போனது. கடைத்தெரு திறந்துகொண்டிருந்தது. அவர் எழுந்துவிட்டார்; உட்கார அவருக்கு நேரம் இல்லை.

ஆட்டோவில் போய் இறங்கிய பயிற்சிக்கூடத்தில் அந்தப் பெண் அவரைக் கம்பிகளுக்கு நடுவில் நிறுத்தி, இடது கையை எடுத்துக் கம்பியில் வைக்கப் போனாள். அண்ணன் கையை இழுத்துக்கொண்டார். "வலிக்குதா?" என்று உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே சிவப்பாக ஒரு புள்ளி. அதில் மரச்செதில் ஒன்று ஏறியிருந்தது.

அண்ணன் தம்பியின் பக்கம் திரும்பினார். வாய் இடதுபுறமாக இழுத்துக்கொண்டது. நீண்ட நேரம் வேலை செய்தது.

"அந்தக் கட்டை... கையில... குத்துதுடா."

ஐம்பத்தொன்பது... அறுபது... அண்ணன் விழுந்து எத்தனை நாள் என்று கடைக்காரரால் எண்ண முடியவில்லை. முழு வாக்கியம். அதிலும் 'டா'.

"என்னண்ணே சொன்னே?"

"குத்துது."

"குறை சொல்ல ஆரம்பிச்சுட்டாரா?" அந்தப் பெண் ஊசி எடுத்துச் செதிலை நெம்பினாள். "நல்ல அறிகுறிதான். பதினோரு மணிக்கு வாங்க. அதுவரைக்கும் வெளிய உக்காருங்க, உள்ள நின்னு பேச்சுக் குடுக்காதீங்க."

வெளியே பெஞ்சில் நோயாளிகளோடு வந்த இரண்டு பேர், மின்விசிறி சுற்றாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல சரக்கு, ஆனால் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. கடைக்காரருக்கு நாக்கு நுனியில் மூன்று வாக்கியம் வந்து நின்றது. "இடம் போட்டு வைங்க, வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

வழியில் ஆணிக்கடையில் நாலு உப்புத்தாள் வாங்கினார். படிக்கட்டின் உச்சிக்கு ஏறினார். திரும்பி நின்று, இடது உள்ளங்கையைக் கட்டையின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அண்ணன் இறங்கிய வேகத்திலேயே இறங்க ஆரம்பித்தார்.

மேலே வாசலிலிருந்து மனைவி பார்த்துவிட்டாள். "என்னங்க, திரும்பி வந்துட்டீங்க? மாமா எங்க?"

"நடந்துக்கிட்டிருக்கார். பேசாதே."

ஒரு படி. இரண்டு. பாதி எடை கையில் விழும்படி சாய்ந்து, மரத்தை உள்ளங்கையால் தடவியபடி போனார். ஐந்தாம் படி வரை வழவழப்பு. ஆறு, ஒன்றுமில்லை. ஏழாவதில் சுருக்கென்றது. கையை எடுக்காமல் அங்கேயே நின்றார்.

"இங்க இருக்கு," என்று சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்து, உப்புத்தாளை நாலாக மடித்துத் தேய்க்கத் தொடங்கினார். பதினோரு மணிக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. கீழே பதினைந்து படி பாக்கி.